ஆங்கிலத்துக்கும் பகுபத உறுப்பிலக்கணம்

(ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத் தொழிற்கல்வி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆலைப் பணியாளர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



தமிழ் இலக்கணம் நடத்தியே ஓய்வு பெற்றவன் நான். என்னை ஆங்கிலச் சொல்வளம் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். கடிதத்தைப் பார்த்ததும் முகவரி மாறி வந்துவிட்டதோ என்று ஐயப்பட்டேன். யோசித்துப் பார்த்தால் இது சரியான முகவரிக்கு வந்த கடிதம்தான். நான் இன்று சொல்லப்போவது ஒன்றே ஒன்று. ஆங்கிலத்தின் கடினமான சொற்களைக் கற்பதற்கு வேண்டிய கருவிகள் தமிழ்வழியில் படித்த மாணவர் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. முறையைத் தருவது நன்னூல் வழிவந்த பகுபத உறுப்பிலக்கணம். பொருளைத் தருவது பள்ளி அறிவியல் பாடநூலின் கலைச்சொற்கள். இரண்டையும் நாம் பரீட்சை முடிந்தவுடன் மூட்டை கட்டிவிடுகிறோம். அதனால்தான் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் முன்பின் தெரியாத ஆளாக நம் எதிரே வந்து நிற்கிறது.

இதை இந்த வட்டாரத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது, டைம்லர் லாரி ஆலை 2012இல் திறக்கப்பட்டது. கொரியர், ஜப்பானியர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், தமிழர் எல்லாரும் ஒரே சாலையில் வேலை செய்கிறார்கள். இவர்களுக்குள் பாலமாக இருக்கும் ஆங்கிலம் இவர்களில் எவருக்கும் தாய்மொழி இல்லை. அது வீட்டில் பேசும் ஆங்கிலமும் அன்று. படிவத்திலும் அறிவிப்புப் பலகையிலும் தரக்கட்டுப்பாட்டு அறிக்கையிலும் எழுதப்படும் ஆங்கிலம். அதன் சொற்களில் மிகப் பெரும்பகுதி லத்தீனும் கிரேக்கமும்.

இரண்டு மொழிகளைச் சேர்த்துப் பயில்வது இந்த ஊருக்குப் புதிதும் அன்று. ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். அவர் வழிவந்தோர் வடமொழி வேதாந்தத்தையும் ஆழ்வார்களின் தமிழையும் ஒரே தட்டில் வைத்து உபய வேதாந்தம் என்றார்கள். திருவாய்மொழியின் முதல் உரையான ஆறாயிரப்படியை எழுதிய திருக்குருகைப்பிரான் பிள்ளான் இராமானுசரின் மாணவர். பாட்டைப் பதம் பிரித்துப் பொருள் காண்பதுதான் அந்த உரை மரபின் முதல் வேலை. பழைய உரையாசிரியர்கள் அதைக் கண்ணழித்தல் என்றார்கள். ஆங்கிலத்தையும் கண்ணழித்துப் படிக்கலாம் என்பதே என் வேண்டுகோள். ஆறு செய்திகளாக வகுத்துச் சொல்கிறேன்.

1. ஆங்கிலம் ஈரடுக்கு மொழி

நம் பேச்சில் தண்ணீர் உண்டு, ஜலம் உண்டு. கை உண்டு, ஹஸ்தம் உண்டு. முன்னது வீட்டுச் சொல், பின்னது சடங்குக்கும் சாத்திரத்துக்கும் வந்த சொல். ஆங்கிலமும் இப்படித்தான். அடிமண்ணில் ஜெர்மானியச் சொற்கள்: ஹேண்ட், ஃபுட், வாட்டர், ஃபயர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபோது அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. திருச்சபையும் பல்கலைக்கழகங்களும் லத்தீனைக் கொண்டுவந்தன. பிறகு அறிவியல் வளர வளர, புதிய பொருளுக்கெல்லாம் கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் பெயர் கட்டினார்கள். கைக்கு ஹேண்ட், கையால் செய்வதற்கு மேனுவல். தண்ணீருக்கு வாட்டர், தண்ணீரின் விசையைக் கொண்டு இயங்குவதற்கு ஹைட்ராலிக். காலுக்கு ஃபுட், காலால் மிதிப்பதற்குப் பெடல்.

மேலடுக்குச் சொற்களே நம்மை மிரட்டுகின்றன. ஆனால் எளிதில் கற்கக் கூடியவையும் அவைதான். ஃபயர் என்பதைப் பிரிக்க முடியாது, மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டும். நன்னூலார் மொழியில் அது பகாப்பதம். டெர்மினேஷன், டிரான்ஸ்மிஷன், தெர்மோஸ்டாட் போன்ற நீளமான சொற்கள் பகுபதங்கள். நீளம் கூடக்கூடப் பிரிக்க இடம் கிடைக்கிறது. மாணவர்கள் பெரிய சொல்லைப் பார்த்து ஒதுங்குகிறார்கள். உண்மையில் பிடி கொடுப்பது பெரிய சொல்தான்.

2. ஓர் எந்திரம், ஒரு வினையடி

பத்தாம் வகுப்பில் எல்லாரும் எழுதியிருப்பீர்கள். 'படித்தான்' என்பதற்குப் பகுபத உறுப்பிலக்கணம் தருக. படி என்பது பகுதி, த் சந்தி, த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி. இரண்டு மதிப்பெண் வாங்கியதோடு மறந்த கணக்கு இது. இதையே பிளாஸ்டிக் உதிரிபாகம் வார்க்கும் எந்திரத்தின் பக்கத்தில் நின்று போட்டுப் பாருங்கள்.

உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்துவது இன்ஜெக்‌ஷன். இறுகிய பொருளை அச்சிலிருந்து வெளியே தள்ளுவது எஜெக்டர் பின். அளவு தவறியதைக் கழித்து ஒதுக்குவது ரிஜெக்‌ஷன். ஷிப்ட் முடிவில் மேற்பார்வையாளர் கேட்கும் முதல் கேள்வி ரிஜெக்‌ஷன் எத்தனை என்பதே. மூன்றிலும் நடுவில் இருப்பது 'ஜெக்ட்'. 'எறி' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. இன் என்றால் உள்ளே, எ என்றால் வெளியே, ரி என்றால் திரும்ப. உள்ளெறிதல், வெளியெறிதல், திருப்பி எறிதல். ஓர் எந்திரத்தின் அன்றாட வேலை முழுவதும் ஒரு வினையடிக்குள் அடங்கிவிட்டது. நாளை டிராஜெக்டரி என்ற சொல்லைப் படித்தால் அதுவும் எறிதல் சம்பந்தப்பட்டது என்று ஊகிக்க முடியும். எறிந்த பொருள் செல்லும் பாதைக்கு அந்தப் பெயர்.

இன்னொரு குடும்பம். வேலையில் சேர்ந்த முதல் வாரம் இண்டக்‌ஷன் வகுப்பு. அப்புறம் புரொடக்‌ஷன் லைன். அங்கே ஓடுவது இண்டக்‌ஷன் மோட்டார், மின்சாரம் செல்வது கண்டக்டர் வழியாக, தலைக்கு மேலே காற்று போவது டக்ட் வழியாக. செம்பு கம்பியாக நீளுவதால் அது டக்டைல். எல்லாவற்றிலும் ஓடுவது 'நடத்திச் செல்', 'இட்டுச் செல்' என்னும் ஒரே லத்தீன் வினை. புதியவரை உள்ளே இட்டுச் செல்வது இண்டக்‌ஷன். முன்னே கொண்டுவருவது புரொடக்‌ஷன். பயிற்சி வகுப்புக்கும் மோட்டாருக்கும் ஏன் ஒரே பெயர் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். காரணம் தெரிந்தபின் இரண்டும் மறக்காது.

ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். தமிழ் பின்னால் வளரும் மொழி. பகுதி முதலில் வரும், மற்ற உறுப்புகள் அதன்பின் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். லத்தீன் வழிச் சொற்களில் பகுதிக்கு முன்னாலும் ஒட்டுகள் வரும். ஆகவே சொல்லின் முதல் எழுத்தில் பகுதியைத் தேடாதீர்கள். முன்னொட்டைக் கழற்றுங்கள், பின்னொட்டைக் கழற்றுங்கள், நடுவில் நிற்பதுதான் பகுதி.

3. சந்தியும் விகாரமும் அங்கேயும் உண்டு

இந்த முறையைத் தொடங்கும் மாணவர்கள் சீக்கிரமே ஓரிடத்தில் தடுக்கி விழுகிறார்கள். காம்ப்ரெசரில் 'காம்', காண்ட்ராக்டில் 'கான்', கொலாப்ஸில் 'கொல்', கரோஷனில் 'கர்' என்று வருகிறது. இவை நான்கு முன்னொட்டுகள் என்று எண்ணி நான்கையும் மனப்பாடம் செய்கிறார்கள். நான்கும் ஒன்றே. 'சேர்ந்து', 'முற்றாக' என்று பொருள்படும் ஒரே முன்னொட்டு, அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப மாறியிருக்கிறது. ப வந்தால் ம் அப்படியே நிற்கும். ட வந்தால் ன். ல வந்தால் ல். ர வந்தால் ர்.

இது நமக்குத் தெரியாததா? மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். மகர மெய், வரும் வல்லெழுத்துக்கு இனமான மெல்லெழுத்தாகத் திரிகிறது. பொன் குடத்தோடு சேர்ந்தால் பொற்குடம், மண் சேர்ந்தால் மட்குடம். புணர்ச்சி விகாரம் படித்த காதுக்குக் காம்ப்ரெசரும் கரோஷனும் விநோதமாகப் படக் கூடாது. 'இல்லை' என்னும் பொருளில் வரும் 'இன்' இம்மொபைல், இல்லீகல், இர்ரெகுலர் என்று உருமாறுவதும் இதே கணக்கு.

பகுதியும் மாறும். 'வந்தான்' என்பதைப் பிரிக்கும்போது பகுதி வா. அது 'வ' எனக் குறுகியது விகாரம் என்று எழுதினோம். 'செய்' என்னும் பொருளுடைய லத்தீன் பகுதி ஃபேக்டரியில் 'ஃபேக்ட்' என்றே இருக்கிறது. முன்னொட்டுச் சேர்ந்ததும் டிஃபெக்ட், பெர்ஃபெக்ட் ஆகியவற்றில் 'ஃபெக்ட்' ஆகிறது. எஃபிஷியன்சியில் 'ஃபிஷ்' என்று ஒலிக்கிறது. பொருள்களைச் செய்யும் இடம், செய்ததில் குறை, குறையறச் செய்தது, செய்து முடிக்கும் திறன். ஓர் ஆலையின் முழுக் கவலையும் இந்த நான்கு சொற்களில் இருக்கிறது, நான்குக்கும் பகுதி ஒன்று.

4. கலைச்சொல்லே அகராதி

முறை கிடைத்துவிட்டது, பொருளுக்கு எங்கே போவது? லத்தீன் அகராதி வாங்க வேண்டுமா? வேண்டாம். உங்கள் பழைய அறிவியல் பாடநூல் போதும். தமிழில் கலைச்சொல் ஆக்கியவர்களில் பலர் ஆங்கிலச் சொல்லைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ் வைத்துக் கட்டினார்கள். வெப்பமானி என்பதில் வெப்பம் தெர்மோ, மானி மீட்டர். நுண்ணோக்கியில் நுண் என்பது மைக்ரோ, நோக்கி ஸ்கோப். தொலைக்காட்சியில் தொலை என்பது டெலி, காட்சி விஷன். வெப்ப இயக்கவியல் என்பதில் வெப்பம் தெர்மோ, இயக்கவியல் டைனமிக்ஸ்.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் மையநோக்கு விசையும் மையவிலக்கு விசையும் படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் சென்ட்ரிபீட்டல், சென்ட்ரிஃபியூகல். எது உள்ளே இழுப்பது, எது வெளியே தள்ளுவது என்று ஆங்கிலவழி மாணவர்களே குழம்புவார்கள். லத்தீனில் 'பெட்' என்றால் நாடு, 'ஃபுக்' என்றால் ஓடிப்போ. தமிழ்ச் சொல்லே விடையைச் சொல்லிவிடுகிறது: நோக்கிச் செல்வது, விலகி ஓடுவது. தமிழ்வழி மாணவருக்கு இந்த இடத்தில் கிடைப்பது குறைபாடன்று, முன்னிலை.

எனக்கு மிகவும் பிடித்தது கரோஷன். கார் ஆலையில் பெயின்ட் ஷாப்பின் பெரும்பாடே தகட்டைக் கரோஷனிலிருந்து காப்பதற்குத்தான். வேதியியல் பாடநூலில் அதற்கு அரிமானம் என்று பெயர். கறையான் அரிக்கிறது என்கிறோமே, அந்த அரி. கரோஷனின் பகுதி 'ரோட்'. லத்தீனில் கொறி, அரி என்று பொருள். எலியினத்துக்கு ரோடன்ட் என்ற பெயரும் அதிலிருந்தே. நிலவியலில் மண் அரிப்பு என்கிறோம். ஆங்கிலத்தில் இரோஷன், அதே பகுதி. உலோகமும் மண்ணும் அரிபடுவதை இரண்டு மொழிகளும் ஒரே வினையால் சொல்கின்றன. தமிழ்ப் பாடநூலில் அரிமானத்தையும் அரிப்பையும் படித்தவர், கரோஷனையும் இரோஷனையும் பாதி படித்து முடித்தவர்.

இந்தச் சொத்து தானாக வந்ததன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848இல் மருத்துவப் பள்ளி தொடங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், பின்னர் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அதற்காகப் பாடநூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொற் பட்டியல்களும் தொகுத்தார். மருத்துவச் சொற்களில் கிரேக்கம் நிறைந்திருப்பதால் ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்க்காமல் அவரால் ஓரடி நகர்ந்திருக்க முடியாது. சேலத்தில் 1916இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கமும் இதழும் தொடங்கினார்கள். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் நூற்றுக்கணக்கான துறைச் சொற்களை நிலைநிறுத்தின. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டுமானவியலையும் எந்திரவியலையும் தமிழில் தொடங்கியதும் இந்த அடித்தளத்தின் மேல்தான். கலைச்சொல் தமிழில் எழுதுவதற்கு மட்டும் உதவும் என்று நினைக்கிறோம். ஆங்கிலம் கற்பதற்கும் அது உதவும் என்பதை இன்னும் நாம் பயன்படுத்திப் பார்க்கவில்லை.

5. லைனிலிருந்து அலுவலக மேசைக்கு

சொல்வளம் நேர்முகத் தேர்வுக்கு மட்டும் வேண்டியதென்று எண்ண வேண்டாம். இந்த வட்டாரத்தில் ஒருவருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன.

சஸ்பென்ஷன் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். லைனில் அது வண்டியின் உறுப்பு, சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே அதிர்வைத் தாங்குவது. மனிதவள அலுவலகத்தில் அது தற்காலிகப் பணிநீக்கம். 'சப்' என்றால் கீழே, 'பெண்ட்' என்றால் தொங்கு. வண்டியின் உடல் தொங்குகிறது, இங்கே வேலை தொங்குகிறது. தொங்குவது அறுந்ததாகாது. சஸ்பெண்ட் ஆனவர் இன்னும் பணியில் உள்ளவரே. அந்தக் காலத்துக்குப் பிழைப்பூதியம் உண்டு, ஆங்கிலத்தில் சப்சிஸ்டென்ஸ் அலவன்ஸ். 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தில் பின்னர் சேர்த்த பிரிவு, முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியம் தரவேண்டும் என்று விதித்தது. டெர்மினேஷன் வேறு. அதன் பகுதி எல்லை, முடிவு என்னும் பொருளது. பேருந்து கடைசியாக நிற்கும் டெர்மினஸும் அதிலிருந்தே வந்தது. இரண்டு சொற்களுக்கும் வேறுபாடு தெரியாமல் கையெழுத்துப் போட்டால் இழப்பு எவ்வளவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

'பெண்ட்' குடும்பம் பெரியது. கோப்பு பெண்டிங் என்றால் முடிவில்லாமல் தொங்குகிறது. இ.எஸ்.ஐ. படிவத்தில் டிபெண்டன்ட் என்ற இடத்தில் உங்களை நம்பித் தொங்குகிறவர்களின் பெயரை எழுத வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசியில் அப்பெண்டிக்ஸ் என்று சேர்த்திருக்கும் பக்கங்களைத் தவறாமல் படியுங்கள். முக்கியமான விதி பல நேரம் அந்த வாலில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

காண்ட்ராக்ட் என்பது சேர்த்து இழுப்பது. இரு தரப்பையும் ஓரிடத்துக்கு இழுத்துக் கட்டினால் ஒப்பந்தம். உலோகம் குளிர்ந்து தன்னைத் தானே உள்ளிழுத்தால் சுருக்கம். வினைச்சொல்லாக வந்தால் வார்ப்படப் பாடத்தில் பின்பொருள், பணி ஆணையில் முன்பொருள். வண்டியில் டிராக்‌ஷன் கண்ட்ரோல், வயலில் டிராக்டர், கணினியில் எக்ஸ்ட்ராக்ட் எல்லாம் இழுப்பவையே.

அனுப்புதல் என்னும் பகுதியையும் சொல்லிவிடுகிறேன். விசையை எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குக் கடத்தி அனுப்புவது டிரான்ஸ்மிஷன். வெளியே அனுப்புவது எமிஷன். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தபோது வாகன ஆலைகளில் எல்லாரும் பேசிய சொல் அது. அவசரமாக வீட்டுக்குப் போகக் கேட்பது பெர்மிஷன். அதிலும் அதே 'மிஷன்'.

நட்டு முடுக்குகிறவர்கள் கையில் டார்க் ரெஞ்ச் இருக்கும். அதன் பகுதிக்கு முறுக்கு என்று பொருள். தகடு முறுகினால் டிஸ்டார்ஷன். மேலதிகாரியைப் பற்றி நண்பரிடம் 'ஒரே டார்ச்சர்' என்று சொல்கிறோமே, அதுவும் அதே முறுக்குத்தான். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்பது உங்கள் சிரிப்பிலேயே தெரிகிறது.

நோக்கியா ஆலை 2006இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியதை மூத்தவர்கள் அறிவார்கள். ஓர் ஆலையின் சொற்களை மட்டும் உருப்போட்டவர், அடுத்த ஆலையில் மறுபடி அகரத்திலிருந்து தொடங்க வேண்டும். பகுதிகளைக் கற்றவர் கைபேசியிலிருந்து காருக்கும், காரிலிருந்து கண்ணாடித் தொழிற்சாலைக்கும் அவற்றை எடுத்துக்கொண்டு போகலாம். ஜெர்மன் கையேட்டில் கோரோசியோன் என்றும் புரோடுக்சியோன் என்றும் வந்தால்கூட அடையாளம் தெரியும்.

6. வேர் வழக்கறிஞர், வாக்கியமே நீதிபதி

இந்த முறையின் எல்லையையும் சொல்லாமல் போனால் நான் விற்பனைக்கு வந்தவனாகிவிடுவேன். எல்லைகள் நான்கு.

முதலாவது, பகுக்கக் கூடாத சொற்கள். வெர்னியர் என்பது 1631இல் அந்த அளவுகோலை வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் பியர் வெர்னியரின் பெயர். நம் கலைச்சொல்லாரும் வேறு வழியின்றி வெர்னியர் அளவி என்றே வைத்தார்கள். டீசல் என்பது ருடால்ஃப் டீசல். கைசென், கான்பான் ஜப்பானியம். ரோபோ என்பது கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து, காரெல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்தின் வழியே உலகுக்கு வந்தது. இவற்றில் லத்தீனைத் தேடினால் வீண் வேலை.

இரண்டாவது, ஒரே உருவில் வரும் வேறு ஒட்டுகளும் வேறு பகுதிகளும். மையநோக்கு விசையில் கண்ட 'பெட்' அன்றி, லத்தீனில் காலைக் குறிக்கும் இன்னொரு 'பெட்' உண்டு, அதனால் பெடல். கிரேக்கத்திலிருந்து வந்த அதே போன்ற ஒலி குழந்தையைக் குறிக்கும், அதனால் பீடியாட்ரிஷன். குழந்தை மருத்துவரைக் கால் மருத்துவர் ஆக்கிவிடாதீர்கள். இதைவிட ஆபத்தானது 'இன்'. பெங்களூர் நெடுஞ்சாலையில் போகும் டேங்கர் லாரிகளின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்' என்றால் இல்லை என்று மட்டும் கற்றவர், தீப்பற்றாத பொருள் என்று நினைத்துவிடலாம். இங்கே 'இன்' மறுப்பன்று; உள்ளே, முற்றாக என்னும் பொருளது. எளிதில் தீப்பற்றும் என்பதே எச்சரிக்கை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் பல நாடுகளில் 'ஃப்ளேமபிள்' என்று எழுதத் தொடங்கினார்கள். பற்றாததற்கு 'நான்-ஃப்ளேமபிள்'. அரைகுறைப் பகுப்பு உயிருக்கே உலையாகும் இடமும் உண்டு.

மூன்றாவது, பொருள் வேரை விட்டு விலகிப் போவது. மேனுஃபேக்சர் என்றால் கையால் செய்தல். ரோபோ வெல்டிங் செய்யும் கூடத்துக்கும் இன்று அதுவே பெயர். ஆடிட் என்றால் கேட்டல். கணக்கை வாய்விட்டுப் படிக்கக் கேட்டுச் சரிபார்த்த காலத்துச் சொல். எலெக்ட்ரிக் என்பதன் மூலம் கிரேக்கத்தில் அம்பர் என்னும் மஞ்சள் நிறப் பிசின்கல். தேய்த்தால் துரும்பை ஈர்ப்பதால் அந்தப் பெயர் வந்தது. நாம் அதைப் பெயர்க்காமல் வானத்து மின்னலைப் பார்த்து மின்சாரம் என்றோம். நமக்கும் இது புதிதன்று. நான்கு கால் உள்ளதெல்லாம் நாற்காலி ஆவதில்லை. சொல்லின் பொருளுக்கான காரணம் பார்த்தவுடன் விளங்கிவிடாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்திருக்கிறார். வேர் ஒரு துப்பு. பொருளை உறுதி செய்வது வாக்கியமும் அகராதியும்.

நான்காவது நம்மவர்க்கே உரிய ஆசை: ஒலி ஒத்துவந்தால் லத்தீனும் தமிழிலிருந்தே போயிற்று என்று முடிவு கட்டுவது. தேவநேயப் பாவாணர் பெரும்புலவர். 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநர். அவர் உலக மொழிகளுக்குத் தமிழ் வேர் காட்ட முனைந்த முடிவுகளை மொழியியலார் பெரும்பாலும் ஏற்கவில்லை. தமிழ் நிலத்துச் சொல் உண்மையாகவே மேற்கே போனதற்கும் சான்று உண்டு. இஞ்சிவேர் பாலி வழியாகக் கிரேக்கத்துக்குப் போய், லத்தீனில் ஜிஞ்ஜிபர் ஆகி, ஆங்கிலத்தில் ஜிஞ்ஜர் ஆனது. பாலி தொடங்கி ஒவ்வொரு படியிலும் எழுத்துச் சான்று இருக்கிறது. ஒலி ஒப்புமையை நினைவில் வைக்க உதவியாகக் கொள்ளுங்கள். வரலாறு என்று எழுத வேண்டுமானால் வழியைக் காட்டுங்கள்.

இனிச் செய்ய வேண்டியவை

இங்கே அமர்ந்திருக்கும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலில், பன்னிரண்டு பகுதிகளையும் எட்டு முன்னொட்டுகளையும் ஒரு பருவத்துக்குரிய பாடமாக வையுங்கள். பகுதிகள்: எறி, செய், இழு, நடத்து, தொங்கு, முறுக்கு, அரி, அழுத்து, அனுப்பு, பார், நில், கேள். முன்னொட்டுகள்: உள், வெளி, திரும்ப, கீழிறங்கி, சேர்ந்து, கடந்து, முன், அடியில். இவற்றைச் சேர்த்தால் 96 இணைவுகள் வரும். எல்லாம் வழக்கில் இல்லை. எவை சொல்லாக நிற்கின்றன, எவை நிற்கவில்லை என்று மாணவர்களையே அகராதியில் தேடச் சொல்லுங்கள். தேடியே பாதி படித்துவிடுவார்கள்.

இரண்டாவது, இந்த வகுப்பை ஆங்கில ஆசிரியர் தனியாக நடத்தக் கூடாது. தமிழாசிரியரும் உடன் நிற்க வேண்டும். கரும்பலகையின் ஒரு பாதியில் 'வந்தான்', மறுபாதியில் 'டிஃபெக்ட்'. இருவரும் ஒரே கோடு போட்டுப் பிரித்துக் காட்டட்டும். தமிழ்ப் பாடம் பரீட்சையோடு முடிவது என்றும், ஆங்கிலப் பாடம் தனக்கு எட்டாதது என்றும் நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர் அன்றைக்கு இரண்டு எண்ணங்களையும் கைவிடுவார்.

மூன்றாவது, எடுத்துக்காட்டுகளை வேறெங்கும் தேட வேண்டாம். ஆலைச் சுவரில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு அறிவிப்பு, தரக்கட்டுப்பாட்டுப் படிவம், பணி ஆணை, நிலையாணைகள். அரசின் நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பயிற்சி நடக்கும் கல்லூரிகளிலும் இதைச் சேர்க்கலாம். இட்டுக்கட்டிய வாக்கியங்களைவிடத் தன் கையெழுத்து விழப்போகிற தாளின் சொல்லை யாரும் கவனமாகப் படிப்பார்கள்.

ஆங்கிலம் சிலருக்குப் பிறப்பிலேயே வாய்த்த வரம் என்ற எண்ணம் இந்த வட்டாரத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மேலடுக்கு ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அது தவறு. அந்தச் சொற்களை இங்கிலாந்துக் குழந்தையும் தாய்மடியில் கற்பதில்லை. பள்ளியில் உட்கார்ந்துதான் கற்கிறது. அந்தப் பள்ளிக் கல்வியில் உங்களுக்கு ஒரு பகுதி முடிந்துவிட்டது, தமிழ் வகுப்பில். மீதியை முடிக்க ஒரு பருவம் போதும். அடுத்த கல்வியாண்டில் ஒரு கல்லூரியாவது இந்தப் பாடத்தைத் தொடங்கட்டும். பாடத்திட்டம் வகுக்கும் கூட்டத்துக்கு அழைத்தால் பயணப்படி கேட்காமல் வருகிறேன்.